நான்கு விநாடி, ஐந்து இலக்கு: விரைவுச் சுடுதலின் அறிவியல்

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்திற்குள் ஒரு வீரர் கையை உயர்த்தி, வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளையும் ஒவ்வொன்றாகக் குறிபார்த்துச் சுட்டு முடித்துவிடுகிறார். ஒலிம்பிக்கில் இடம்பெறும் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டி இது. இவ்வளவு வேகத்தில் குறி தவறாமல் இருப்பது எப்படி? விடை உங்கள் கணித, இயற்பியல் பாடங்களிலேயே இருக்கிறது.

போட்டி எப்படி நடக்கிறது?

ஐந்து இலக்குகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 75 செண்டிமீட்டர் இடைவெளி இருக்கும். வீரர் துப்பாக்கி பிடித்த கையை 45 பாகை சாய்வில் கீழே வைத்துக் காத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்ததும் கையை உயர்த்தி, இலக்குக்கு ஒரு குண்டு வீதம் சுட வேண்டும். முதலில் 8 விநாடி, பிறகு 6 விநாடி, கடைசியில் 4 விநாடி. ஒவ்வொரு நேர அளவிலும் இரண்டு சுற்று. இதையே மறுபடியும் ஒருமுறை செய்தால் மொத்தம் 60 குண்டுகள். நேரம் தாண்டிய குண்டுக்குப் புள்ளி கிடையாது.

25 மீட்டர் எவ்வளவு தூரம்? மாக் மண்டின் பிள்ளைகளுக்குப் பூப்பந்து தெரியாமல் இருக்காது. இரண்டு பூப்பந்து ஆடுகளங்களை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தால் வரும் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. அந்தத் தூரத்தில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10 செண்டிமீட்டர்தான். ஒரு குறுந்தட்டைவிடச் சிறியது.

கை நடுங்கலாம், கோணம் மாறக்கூடாது

ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, ஒரே கையில் நேராக நீட்டிப் பிடியுங்கள். போட்டித் துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான், 1.4 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. சில விநாடிகளிலேயே போத்தல் ஆடத் தொடங்கும். உலகச் சாதனையாளருக்கும் கை ஆடவே செய்யும்.

ஆனால், ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. துப்பாக்கி திசை மாறாமல் 1 செண்டிமீட்டர் வலப்புறம் நகர்ந்தால், குண்டும் 1 செண்டிமீட்டர்தான் விலகும். வட்டத்தை விட்டு வெளியே போகாது. துப்பாக்கியின் முனை மட்டும் திரும்பினால் கதை வேறு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் அதைப்போல் 125 மடங்கு. வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, முன்குறி 0.4 மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் 50 மில்லிமீட்டர் விலகும். 10 புள்ளி வட்டத்தின் விளிம்பே அதுதான்! அதனால்தான் பயிற்சியாளர்கள், "இலக்கைப் பார்க்காதே, முன்குறியைப் பார்" என்கிறார்கள்.

நம் கண் ஒரே நேரத்தில் அருகையும் தொலைவையும் தெளிவாகக் காட்டாது. கட்டைவிரலை நீட்டி அதைக் கூர்ந்து பாருங்கள். பின்னால் உள்ள சுவர்க்கடிகாரம் மங்கும். விரைவுச் சுடுதலில் மங்கலாகத் தெரிய வேண்டியது இலக்கு, தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி.

உதைப்பும் திருப்பமும்

சுமார் 2.6 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் முன்னே பாயும்போது, உந்த அழியா விதிப்படி துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அந்த உதைப்பு அடங்குவதற்குள் அடுத்த இலக்குக்குத் திரும்பியாக வேண்டும். ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குத் திரும்பும் கோணம் 1.7 பாகைதான். இதற்கு மணிக்கட்டை வளைத்தால் முன்குறியும் பின்குறியும் ஒரே கோட்டில் நில்லாமல் போகும். ஆகவே தோள், கை, மணிக்கட்டு மூன்றையும் ஒரே கட்டையாக வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து உடலைத் திருப்புகிறார்கள்.

இடக்கையால் வென்றவர்

ஹங்கேரி இராணுவ வீரர் கரோலி தகாச்சின் வலக்கை 1938இல் கையெறி குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் சுட்டு வந்ததும் அந்தக் கையால்தான். மனம் தளராமல் இடக்கையால் முதலிலிருந்து பழகினார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவில்லை. 1948இல் லண்டனில், தம் 38ஆவது வயதில், விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம். சீரான பயிற்சி இருந்தால் மூளை ஒரு கையின் வேலையை மறு கைக்கும் கற்றுக்கொடுக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

எங்கே தொடங்குவது?

நம் நாட்டில் துப்பாக்கி விளையாட்டுப் பொருளல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். எனவே ஆர்வமுள்ளவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன், அங்கீகரிக்கப்பட்ட சுடும் தளத்தில், பயிற்சியாளரின் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். பொதுவாக முதல் படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி. அதில் நிதானம் கைவந்த பிறகே வேகம்.

அங்கே முதல் பாடம் பாதுகாப்பு. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும். குழல்முனை இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் டிரிகரைத் தொடக்கூடாது. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். இவற்றில் ஒன்றை மீறினால் எவ்வளவு திறமை இருந்தாலும் தளத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

துப்பாக்கி இல்லாமல் ஒரு சோதனை

நண்பர் 30 செண்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துத் திடீரென விடட்டும். நீங்கள் விரல்களால் பிடியுங்கள். 20 செண்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 விநாடி. பச்சை விளக்கைக் கண்டதும் வீரருக்கும் இவ்வளவு நேரம் கழிந்துவிடுகிறது. முதல் குண்டை 1.6ஆவது விநாடியில் சுட்டால், மீதி நான்குக்கும் 0.6 விநாடி வீதம் கிடைக்கும். பதற்றப்படாதவருக்கு அது போதும்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் அனிஷ் பன்வாலா இந்தப் பிரிவில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. உங்களில் பலரின் வயதுதான். அவர் கையில் இருந்த வேகம் அவசரமல்ல. ஒரே அசைவை மாறாமல் ஆயிரம் முறை செய்து பழகிய நிதானம்.