கிணற்றடி நீரைப் பயிருக்குத் திருப்புவோம்

வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை வீதியில் காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று அடுத்தடுத்துக் கிராமங்கள். மூன்று பெயர்களிலும் ‘கேணி’ உண்டு. நீரை நம்பியே இங்கு குடிகள் அமைந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த நீர் எவ்வளவு மெல்லிய படை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கரையோர மணலில் மழைநீர் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அந்த ஓர் அடி குறையக் குறைய உவர் மேலே ஏறும். 2004 ஆழிப்பேரலையின் பின் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தபோது, நீர் தெளிவதற்குப் பதிலாக மேலும் உவர்த்த இடங்கள் உண்டு.

ஆகவே மாரி முடிந்து வரும் கோடை மாதங்களில் ஒவ்வொரு வாளியும் பெறுமதியானது. குளித்த நீர், உடுப்புத் துவைத்த நீர், அரிசி கழுவிய நீர் ஆகியவற்றை வாழைக்கும் தென்னைக்கும் விடுவது நம் பழைய வழக்கம். வழக்கம் நல்லதே; முறை தவறினால் தீங்காகும்.

தீங்கு எங்கே?

கழிவுநீரில் நோய்க்கிருமிகள், குடற்புழு முட்டைகள், உப்பு, சவர்க்காரம், கொழுப்பு ஆகியவை இருக்கலாம். மணல் நீரை விரைவாகக் கீழே விடும். நாம் ஊற்றியது நம் கிணற்றுக்கோ அயல் வளவுக் கிணற்றுக்கோ போய்ச் சேரும்.

பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில், லீற்றருக்கு ஒரு புழு முட்டைக்கும், 100 மில்லிலீற்றருக்கு 1000 மலக்கிருமிகளுக்கும் மேல் இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் விதந்துரைத்தது. 2006இல் அது தன் அணுகுமுறையை விரித்தது. நீரைச் சுத்திகரிப்பது மட்டும் போதாது. பயிர்த் தெரிவு, பாய்ச்சும் முறை, கழுவுதல், சமைத்தல் என்று பல தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கவேண்டும் என்றது. ஆய்வுகூட வசதியில்லாத கிராமத்துக்கு இதுவே ஏற்ற வழி.

செய்ய வேண்டியவை

1. மலசலகூட நீரையும் குழந்தைகளின் மலத்துணி அலசிய நீரையும் சேர்க்கவேண்டாம். அவை மலக்குழிக்கே போகட்டும்.
2. சமையலறை நீரை, சரளைக்கல்லும் மணலும் இட்ட சிறு தொட்டியினூடாக விட்டுக் கொழுப்பை நீக்குங்கள்.
3. ஒரு நாளுக்குமேல் தேக்கவேண்டாம். நாறும், நுளம்பும் பெருகும்.
4. கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, வாழை, தென்னை, மா போன்றவற்றின் அடியில் விடுங்கள். சருகு மூடிய பாத்தி நல்லது. இலைமேல் தெளிக்கவேண்டாம்.
5. வல்லாரை போன்று பச்சையாகச் சம்பல் செய்யும் கீரைகளுக்கு அறவே வேண்டாம். கத்தரி, பூசணி போன்று சமைப்பவற்றுக்கும் அடியில் மட்டுமே விடுங்கள்.
6. இலை நுனி கருகினால் உப்பு ஏறிவிட்டது. சில நாள் கிணற்று நீர் விட்டு, கழிவுநீரை வேறு மரத்துக்கு மாற்றுங்கள்.
7. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அப்போது பாய்ச்சலை நிறுத்துங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுங்கள்.

இது ஏழைகளுக்கு மட்டும் உரிய வேலையல்ல. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லீற்றர் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆற்றல் கொண்டவை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைக் குடிநீராகவே மீட்கிறது. அங்கே இயந்திரங்களும் இரசாயனங்களும் காவல் நிற்கின்றன. நம் வளவில் காவல் நிற்பது நம் கவனம் மட்டுமே.

மணலுக்கு வேலி இல்லை. ஒரு வீடு முறை தவறினால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரலாம். எனவே மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒன்றாக இருந்து, எந்தக் கிணறு எங்கே, எந்தக் குழி எங்கே என்று ஒரு தாளில் வரைந்து பார்ப்பதே முதல் வேலை. அதற்குக் காசு தேவையில்லை. ஒரு பின்னேரம் போதும்.