பி.பி. வைத்தியத்தில் 'குளோஸ்டு லூப்'



பழைய அயர்ன் பாக்ஸ் சுவிட்சைப் போட்டால் சூடாகிக்கொண்டே போகும். அது ஓப்பன் லூப். தெர்மோஸ்டாட் உள்ளது சூட்டை உணர்ந்து தானே அணையும். அது குளோஸ்டு லூப். நாம் படிக்கும் இந்தப் பாடம் இரத்த அழுத்த வைத்தியத்துக்கும் அப்படியே பொருந்தும்.

எங்கப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. பி.பி. இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மாதக்கணக்கில் ஒரே மாத்திரைதான். அது வேலை செய்கிறதா என்று பார்த்ததே இல்லை. "எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். ஆனால் வலியே காட்டாமல் மூளை, இருதயம், சிறுநீரகம் மூன்றையும் கெடுப்பதுதான் இந்த நோயின் குணம். இது ஓப்பன் லூப் வைத்தியம்.

இந்த லூப்பை மூடுவதற்குத்தான் தொலை மருத்துவம். வீட்டில் அளந்த எண்களை போன் மூலம் டாக்டருக்குத் தெரிவிக்கிறோம். அவர் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் இலவசமாகவே டாக்டரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரையும் தருகிறார்கள்.

இதனால் பலன் உண்டா? இங்கிலாந்தில் பி.பி. கட்டுக்குள் வராத 1,182 பேரை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2018-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் மேல் அளவின் சராசரி: வழக்கம்போல் கிளினிக்கில் மட்டும் அளந்து மருந்து தரப்பட்டவர்களுக்கு 140.4, வீட்டில் அளந்து தாளில் எழுதி அனுப்பியவர்களுக்கு 137.0, எஸ்.எம்.எஸ். அனுப்பியவர்களுக்கு 136.0. தாளுக்கும் போனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள்! எதில் அனுப்பினோம் என்பதை விட, அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றுகிறாரா என்பதே முக்கியம்.

சென்சார் தப்பானால் எல்லாம் தப்பு. ஆகவே அளக்குமுன் அரை மணி நேரம் டீ, பீடி கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இருதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஒரு தடவை. காலை, மாலை இரு வேளையும் இப்படி. வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரையை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கன்ட்ரோலர் டாக்டர்தான்!

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள், நானும் அப்படித்தான். அளந்து, எழுதி, டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது. இந்த லீவில் ஊருக்குப் போனதும் அதற்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள்.

– இரண்டாமாண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு