பிடியரிசியும் அறப்பெட்டியும்

காவிரியினின்று குடமுருட்டியாறு பிரியும் பகுதியில் அமைந்துள்ளது திருக்காட்டுப்பள்ளி. ஆற்றுப் பாய்ச்சலால் நெல் விளைந்து செழிக்கும் தஞ்சை வளநாட்டு ஊர்களுள் அஃது ஒன்று. நெல் விளையும் நாட்டில் அறமும் அரிசியைக் கொண்டே செய்யப்பட்டது. அவ்வறத்தின் மிக எளிய வடிவமே பிடியரிசி.

உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தெடுக்கும் இல்லத்தலைவி, அதனைக் களைவதற்கு முன்னரே ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் இடுவது வழக்கம். கலயம் நிறைந்ததும் அவ்வரிசி கோயிலுக்கோ, மடத்துக்கோ, வறியவர்க்குச் சோறிடும் அறத்துக்கோ சென்று சேரும். உண்டு எஞ்சியதை வழங்குவது வேறு. உண்ணுமுன் பிறர் பங்கை எடுத்து வைப்பது வேறு. பிடியரிசி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 40 கிராம் எனக் கொள்வோம். 30 நாளில் ஒரு வீட்டில் 1,200 கிராம் சேரும். 100 வீடுகள் உள்ள சிற்றூரில் 120 கிலோகிராம் திரளும். ஒருவர் உணவுக்கு 150 கிராம் வேண்டுமெனின், அவ்வரிசி 800 பேருக்கு ஒருவேளைப் பசியாற்றும். ஆயினும் எந்த வீட்டிலும் சோறு குறைந்ததாகத் தோன்றாது.

காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் (1894–1994) இவ்வழக்கம் ஊர்தோறும் பரவ வேண்டுமென விரும்பினார். நாள்தோறும் ஒரு பிடி அரிசியுடன் ஒரு காசும் எடுத்து வைக்குமாறு இல்லங்களை வேண்டினார். வடகிழக்கிலுள்ள மிசோரத்தில் கிறித்தவ மகளிர் 1910ஆம் ஆண்டு தொடங்கிச் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத் திருச்சபைப் பணிக்கு அளித்து வருகின்றனர். சமயம் வேறாயினும் அறம் ஒன்றே.

இதனையொத்த வழக்கம் யூத மக்களிடத்தும் உண்டு. 1568இல் கொச்சியில் தொழுகைக்கூடம் எழுப்பி நம் நாட்டிலும் வாழ்ந்த மக்கள் அவர்கள். உலகெங்கும் யூதர்தம் இல்லங்களிலும் தொழுகைக்கூடங்களிலும் காசு இடுதற்கென ஒரு சிறு பெட்டி இருக்கும். ஓய்வுநாளில் பணத்தைத் தொடுதல் ஆகாது. ஆதலின் வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றுமுன் அப்பெட்டியில் காசிடுதல் பல குடும்பங்களின் மரபு.

இக்கொடையை அவர்கள் ‘செதாக்கா’ என்பர். அச்சொல் நீதி என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. அவர்தம் கருத்தில் கொடை என்பது மனம் இரங்கியபோது மட்டும் செய்யும் உபகாரம் அன்று. தவறாது செலுத்த வேண்டிய கடமை ஆகும். வயலின் ஓரத்துக் கதிர்களை அறுக்காமலும், சிந்திய கதிர்களைப் பொறுக்காமலும் ஏழைகளுக்கு விட்டுவிடுமாறு அவர்தம் மறைநூல் பணிக்கின்றது. பிறர் கொடையால் வாழ்பவரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தல் வேண்டும் என்பதும் அவர்கள் நெறியாகும். கொடுக்கும் பெருமை ஏழைக்கும் உரியது என்னும் உண்மை இதனால் விளங்கும்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் மைமோனிடீஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் இன்னார் எனப் பெறுபவரும், பெற்றவர் இன்னார் எனக் கொடுப்பவரும் அறியாதவாறு கொடுப்பது மிக உயர்ந்த படிகளுள் ஒன்று. அதனினும் மேலானது, கடன் உதவியோ தொழிலோ தந்து ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்வதாகும்.

இரப்பவர்க்குப் பசி ஒரு துன்பம். பிறர் முன் கையேந்தும் நாணமோ அதனினும் பெருந்துன்பம். கலயத்தில் விழுந்த அரிசியும் பெட்டியில் விழுந்த காசும் கொடுத்தவர் பெயரைச் சொல்வதில்லை. பல கைகள் இட்டவை ஒன்றாய்க் கலந்துவிடுவதால், கொடுத்தவர்க்குச் செருக்கும் இல்லை. பெற்றவர்க்குத் தலைகுனிவும் இல்லை. பிடியரிசி வறுமையை முற்றும் ஒழிக்காது. அதற்குத் தொழிலும் கல்வியும் வேண்டும். எனினும், தன் உணவில் பிறர்க்கும் பங்குண்டு என்பதை அது நாள்தோறும் நினைவூட்டும். அந்நினைவு பழகிய நெஞ்சமே பெரிய அறங்களைச் செய்ய முன்வரும்.