ஏர் ஃப்ரையரில் சோடா கேக்: கிராம், யூனிட், ரூபாய்

திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன எலுமிச்சை சோடா கேக்கை வீட்டு ஏர் ஃப்ரையரில் சுட்டெடுக்க, சாமானும் கரண்டும் சேர்த்து 80 ரூபாய் ஆகிறது. அதில் கரண்டுக்கு 8 ரூபாய். சோடாவுக்கு 3 ரூபாய்கூட இல்லை. இந்த கேக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள்: கரண்டு மிச்சம், சோடாவின் நுரைதான் கேக்கை உப்ப வைக்கிறது, கடையில் வாங்குவதைவிட மலிவு. மூன்றிலும் கொஞ்சம்தான் உண்மை. எண்களைப் போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். விலைகளைக் கணக்கு வசதிக்காக முழு எண்ணாக வைத்திருக்கிறேன். உங்கள் கடை விலை வேறாக இருந்தால் அதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் டின். நடுவே குழாய் வைத்த பண்ட் டின்னை இன்றைய வடிவில் 1950-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து நோர்டிக் வேர் நிறுவனம். நம் கைக்கு வரும் ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பாலானவை அங்குள்ள 12 கப் டின்னுக்கு, அதாவது 2.8 லிட்டர் கொள்ளும் டின்னுக்கு எழுதப்பட்டவை. அது 4 லிட்டர் ஏர் ஃப்ரையரின் கூடைக்குள் இறங்கவே இறங்காது. நமக்கு ஏற்றது 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள, சுமார் 950 மில்லி கொள்ளும் டின். அமெரிக்க அளவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ஆகவே எந்தக் குறிப்பு கிடைத்தாலும் எல்லாவற்றையும் மூன்றால் வகுத்துக்கொண்டால் போதும். டின்னின் கொள்ளளவு தெரியவில்லை என்றால் தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. மாவு அதில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 950 மில்லி டின்னுக்கு 570 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் உப்பி எழும் மாவு மேலிருக்கும் சூடேற்றும் சுருளை நெருங்கிக் கருகிவிடும். கூடைக்கும் டின்னுக்கும் இடையே சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சூடான காற்று கீழே போக வழியில்லை.

அந்தக் குழாய் அழகுக்காக வைத்தது என்று நினைத்தால் தவறு. 16 சென்டிமீட்டர் வட்ட டின்னில் நடுப்பகுதி பக்கச் சுவரிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 4 சென்டிமீட்டர் குழாய் நடுவே வந்துவிட்டால் மாவு வளையத்தின் அகலம் 6 சென்டிமீட்டர்தான். எந்த இடமும் ஏதாவது ஒரு சுவரிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்காது. சூடு உள்ளே ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். மேலிருந்தும் கீழிருந்தும் சூடு வருவதால் கணக்கில் வருகிற அளவுக்கு லாபம் கிடைக்காது என்றாலும், வித்தியாசம் பெரிது. ஏர் ஃப்ரையரில் சுருளும் விசிறியும் தலைக்கு மேலே இருப்பதால் சாதாரண வட்ட கேக்கின் மேல்பக்கம் 15 நிமிடத்தில் சிவந்துவிடும், நடுவில் மாவு கூழாகவே கிடக்கும். அந்தக் குறையைத் தீர்க்க இருப்பவற்றில் இந்தக் குழாயே சிறந்த வழி. ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர் ஒரே ஒரு கேக் டின்தான் வாங்கப்போகிறார் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இனி மாவின் கணக்கு. மைதா 160 கிராம், சீனி 140, ஓடு நீக்கிய இரண்டு முட்டை 100, எண்ணெய் 70, சோடா 80, எலுமிச்சைச் சாறு 35, சமையல் சோடா இரண்டரை கிராம், உப்பு ஒரு கிராம். மொத்தம் 588 கிராம். வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போக, கைக்கு வருவது 530 கிராம். மேலே ஊற்றும் சீனிப் பாகுக்குப் பொடித்த சீனி 60 கிராம், சாறு 10 மில்லி. எல்லாம் சேர்ந்து 600 கிராம், 60 கிராம் வீதம் பத்துத் துண்டு. கப்பிலும் கரண்டியிலும் அளந்தால் மைதா ஒவ்வொரு முறையும் ஒரு அளவு வரும். இவ்வளவு சின்ன கேக்கில் 20 கிராம் கூடினாலே கேக் இறுகிவிடும். அதனால் தராசு கட்டாயம்.

சோடா எனும்போது இங்கே இரண்டு சோடா இருக்கிறது, இரண்டின் வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அரை டீஸ்பூன் தட்டி எடுத்தால் இரண்டரை கிராம். அது முழுவதும் புளிப்போடு சேர்ந்து கரைந்தால் 1.3 கிராம் கரியமில வாயு வரும். நம் ஊர் வெப்பத்தில் அது முக்கால் லிட்டர் வாயு. 570 மில்லி மாவைவிட அதிகம். பாட்டில் சோடாவிலோ, மூடி திறந்த நொடியில் லிட்டருக்கு 6 கிராம் வாயு என்று வைத்தால்கூட, 80 மில்லியில் அரை கிராம்தான். அதிலும் பெரும்பகுதி ஊற்றும்போதும் கலக்கும்போதும் பறந்துவிடும். எனவே கேக்கை எழுப்புவது டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடிதான். பாட்டில் சோடா கிடைக்காவிட்டால் 80 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், கேக் வரும். எலுமிச்சை கிடைக்காவிட்டால்தான் கேக் கெடும்.

ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டரை கிராம் சமையல் சோடாவைச் சரிக்கட்ட 1.9 கிராம் சிட்ரிக் அமிலம் தேவை. எலுமிச்சைச் சாற்றில் அது 5, 6 சதவீதம் இருக்கும். ஆக 35 மில்லி சாறு, நம் ஊர்ச் சிறிய எலுமிச்சையில் இரண்டு. சாறு குறைந்தால் மிஞ்சும் சோடா கேக்கைப் பழுப்பாக்கும், நாக்கில் சோப்பு ருசி தங்கும். சாற்றுக்குப் பதில் தயிர் ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு சதவீதம் லாக்டிக் அமிலம் உள்ள 100 கிராம் தயிர் ஒரு கிராம் சோடாவைக்கூட முழுதாகச் சரிக்கட்டாது. தயிர் கேக்கில் சமையல் சோடாவைக் கால் டீஸ்பூனுக்கு மேல் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இன்னொன்று, சாற்றின் புளிப்பு முழுவதும் சோடாவோடு போய்விடுவதால் கேக்கில் எலுமிச்சை ருசி தெரியாது. தோலை வெள்ளைப் பகுதி படாமல் துருவி மாவில் போட்டால் மணம் நிற்கும். புளிப்பு மேலே ஊற்றும் பாகிலிருந்து வரும்.

பாட்டில் சோடாவில் எதை வாங்குவது? அமெரிக்கர்கள் இதற்கு ஊற்றுவது 1929-ல் செயின்ட் லூயிஸில் பிறந்த செவன் அப் போன்ற எலுமிச்சை வாசனைக் குளிர்பானம். நமக்கு அது தேவையில்லை, வெறும் சோடா போதும். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி-யில், சீனியோ வாசனையோ சேர்க்காத சோடாவுக்கு வரி 5 சதவீதம். இனிப்பும் வாசனையும் சேர்த்த குளிர்பானத்துக்கு 40 சதவீதம். 40 சதவீத வரி கட்டிச் சீனித் தண்ணீர் வாங்கி, 46 ரூபாய்க்கு ஒரு கிலோ சீனி கிடைக்கும் வீட்டில் மாவில் ஊற்றுவதில் ஒரு லாபமும் இல்லை. 20 ரூபாய் சோடா பாட்டிலில் 80 மில்லி போக மீதியை எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடித்துவிடலாம். இந்த ஊர்ப் பெட்டிக்கடைகளில் வெயில் நேரத்தில் ஓயாமல் விற்பது அதுதான்.

உள்ளூர்ச் சரக்கைக் கொண்டு வெளியூர்ப் பண்டம் செய்வது கேரளத்துக்குப் புதிதும் இல்லை. தலச்சேரியில் 1880-ல் பிஸ்கட் ஆலை தொடங்கிய மம்பள்ளி பாப்பு, 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை கொடுத்த ஆங்கிலேய கேக்கைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்தார். பிராந்திக்குப் பதில் அவர் சேர்த்தது முந்திரிப்பழமும் வாழைப்பழமும் போட்டுக் காய்ச்சிய உள்ளூர்ச் சாராயம் என்று சொல்வார்கள். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். திருவனந்தபுரத்தின் சாந்தா பேக்கரி அந்தக் குடும்பத்துக் கிளை.

சுடும் முறையில் நேரம்தான் முக்கியம். சமையல் சோடாவும் சாறும் சந்தித்த கணமே வாயு வரத் தொடங்கும். மாவின் மேல்பரப்பு வெளுத்து, ஊசிமுனைத் துளைகள் விழுந்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஏறும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஆகவே டின்னில் நெய் 5 கிராம், மைதா 5 கிராம் பூசி வைத்து, ஏர் ஃப்ரையரை 160 டிகிரியில் 3 நிமிடம் சூடாக்கிய பிறகுதான் சாற்றையும் பாட்டில் சோடாவையும் மாவில் ஊற்ற வேண்டும். இருபது சுற்றுக் கலக்கியதும் டின்னில் கொட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். ஓவனில் 180 டிகிரி என்று போட்டிருந்தால் இங்கே 160. மொத்தம் 35 நிமிடம். 15-வது நிமிடத்தில் அலுமினியத் தாளால் மூடி, ஓரத்தை டின்னின் விளிம்போடு இறுக மடக்க வேண்டும். தளர்வாக விட்டால் விசிறி தாளை மேலே இழுத்துச் சுருளில் ஒட்டவைத்துவிடும். 33-வது நிமிடத்தில் ஒரு தென்னை ஈர்க்கைச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே குத்திப் பார்க்கலாம். ஈரமாவு ஒட்டாமல் ஒன்றிரண்டு பருக்கை மட்டும் ஒட்டி வந்தால் பதம். பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டுக் கவிழ்த்தால் முழுதாக விழும்.

கரண்டுக் கணக்கு. 1500 வாட் சாதனம் 38 நிமிடம் இடைவிடாமல் எரிந்தால் 0.95 யூனிட். சூடு எட்டியதும் சுருள் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் இதைவிடக் குறையும், ஆனாலும் கூடுதலாகவே வைப்போம். கேரள மின்சார வாரியத்தின் 2025 ஏப்ரல் கட்டணப்படி மாதம் 201 முதல் 250 வரையான யூனிட்டுக்கு 8 ரூபாய் 50 காசு. ஆக 8 ரூபாய். அதே கேக்கை 1500 வாட் ஓடிஜி ஓவனில் 12 நிமிடம் சூடாக்கி 45 நிமிடம் சுட்டால் ஒன்றரைகூட இல்லை, 1.43 யூனிட், 12 ரூபாய். மிச்சம் 4 ரூபாய். காஸ்கெட்டும் விசிலும் எடுத்த குக்கரில் மணல் பரப்பிச் சுட்டால், 80 கிராம் கேஸ் என்று வைத்து, 860 ரூபாய் சிலிண்டர் கணக்கில் 5 ரூபாய். மூன்றிலும் குக்கரே மலிவு. ஏர் ஃப்ரையரில் மிச்சமாவது 20 நிமிடமும் அடுக்களைப் புழுக்கமும். திருவனந்தபுரத்தின் ஏப்ரலில் அதுவே பெரிய மிச்சம்தான்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. இங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட் வரை படிப்படியாகக் கட்டணம் ஏறும்; 501-வது யூனிட் ஓடிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் 6 ரூபாய் 75 காசு. 500 யூனிட்டுக்கு மின்கட்டணம் மட்டும் 2,865 ரூபாய், 501-க்கு 3,382 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 517 ரூபாய் வித்தியாசம். பில் தேதி நெருங்கும்போது மீட்டர் 500 அருகில் நின்றால் கேக்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது. பிளக்கையும் பாருங்கள்: 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். மிக்சி செருகும் 6 ஆம்பியர் பாயின்ட் அதற்குத் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டுவோம். கிலோ 50 ரூபாய் மைதா 165 கிராமுக்கு 8 ரூபாய் 25 காசு. பாகுக்கும் சேர்த்துச் சீனி 200 கிராம் 9 ரூபாய் 20 காசு. முட்டை இரண்டு 14. லிட்டர் 160 ரூபாய் சூரியகாந்தி எண்ணெய் 76 மில்லி 12 ரூபாய். எலுமிச்சை மூன்று 21. சோடா 2 ரூபாய் 70 காசு, சமையல் சோடா 60 காசு, நெய் மூன்றரை ரூபாய். சாமான் 71 ரூபாய் சொச்சம், கரண்டோடு 80-க்குள். ஒரு துண்டு 8 ரூபாய். தேங்காய் எண்ணெய்தான் வேண்டுமென்றால், 2025-ல் அதன் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். லிட்டர் 450 என்று போட்டாலும் எண்ணெய் மட்டும் 34 ரூபாய், கேக் 102. எலுமிச்சை கேக்குக்கு அந்த மணம் பொருந்தவும் பொருந்தாது.

இத்தனை கேக்கைக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 270 ரூபாய் மிச்சம். ஆனால் ஏர் ஃப்ரையர் 5,000, டின் 600, தராசு 400 என்று 6,000 ரூபாய் முன்பணம் போட்டால், அது திரும்பி வர 23 கேக் சுட வேண்டும். மாதம் ஒன்று என்றால் இரண்டு வருடம் ஆகிவிடும். அப்பளம், மீன், கிழங்கு என்று தினமும் ஓடும் வீட்டுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே கேக் இலவச இணைப்பு. கேக்குக்காக மட்டும் ஏர் ஃப்ரையர் வாங்கப்போகிறவர்கள் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் குக்கரே போதும்.

உடம்புக் கணக்கும் உண்டு. ஒரு துண்டில் சீனி 20 கிராம், சக்தி ஏறக்குறைய 215 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. பாகை விட்டுவிட்டால் துண்டுக்கு 14 கிராமாக இறங்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவர் பங்கை வெட்டும்போதே பாதியாக வெட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேரளம் செலவழிக்கும் கரண்டில் பெரும்பகுதி வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது. அதிலும் மாலை 6 மணி முதல் 10 மணி வரைதான் தேவையும் விலையும் உச்சம். கேக் சுட மாலைதான் வேண்டும் என்றில்லை. கூரைகளில் சோலார் உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும் மதியம் 2 மணிக்கு வைத்தால் 4 மணித் தேநீருக்கு ஆறிய கேக் தயாராக இருக்கும். 1500 வாட் சாதனம் எதுவானாலும் பகலிலேயே ஓட்டுங்கள்.