ஓர் எண்ணை நம்பி ஒரு பெரியவர்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கு வரும் பாதையை அறிந்தவர்கள், இது துவிச்சக்கர வண்டிக்கு ஏற்ற ஊர் என்று ஒருபோதும் கூறமாட்டார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் பிரேக் கட்டைதான் உயிர்த்துணை. எனினும், இதே பாதையில் பயிற்சி பெற்று, கொழும்பில் நடந்த பந்தயங்களில் ஓடிய பெரியவர் ஒருவர் நம் அயலில் வாழ்கிறார். தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கும் வயது. அவர் இன்று, தாம் முன்பு ஓட்டிய பந்தய வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அது தாயகம் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுச் சென்ற ஆங்கில நாட்டு வண்டி. அதன் சட்டத்தில் 'ரெய்னோல்ட்ஸ் 531' என்னும் முத்திரை இருந்ததாம். பர்மிங்காம் நகரத்து நிறுவனம் ஒன்று 1935ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய உருக்குக் குழாய் அது. மாங்கனீசும் மொலிப்டினமும் கலந்த அவ்வுருக்கினால், இரு முனைகளிலும் தடித்தும் நடுவே மெலிந்தும் குழாய்களை அமைத்தனர். வலிமை குன்றாமல் வண்டியின் பாரம் குறைந்தது.

"களவு போகவில்லை, மாஸ்டர், விற்றவன் நான்தான்" என்றார் பெரியவர். மூத்த மகள் ஆசிரிய கலாசாலையில் சேர்ந்த ஆண்டில் வீட்டில் விற்பதற்கு வேறு பொருள் இருக்கவில்லை. வாங்கியவர் வேறொருவருக்கு விற்றார். பின்னர் தடம் அற்றுப்போயிற்று. ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மகளே இப்பொழுது தந்தைக்காக ஊர் ஊராக விசாரித்து வருகிறார்.

புகழ் பெற்றோரின் வண்டிகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ், 1972ஆம் ஆண்டு மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தார். அந்த வண்டி, பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர் பெயர் தாங்கிய சுரங்க ரயில் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிரான்சில் இத்தாலிய அணியின் பந்தய வண்டிகள் களவாடப்பட்டபோது, சில தினங்களுக்குள் ருமேனியாவில் பொலிஸார் அவற்றைக் கண்டெடுத்தனர். நம் பெரியவருக்கு அரும்பொருட் காட்சிச்சாலையும் இல்லை, அயல்நாட்டுப் பொலிஸாரும் இல்லை. பழைய கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில், தம் கைப்படக் குறித்து வைத்த எண் ஒன்றே உண்டு.

அந்த எண் சிறிதன்று. சக்கரம், சங்கிலி, ஆசனம் யாவும் காலப்போக்கில் மாறக்கூடியவை, வர்ணமும் மாறும். சட்டத்தில் பொறித்த எண் எளிதில் மாறுவதில்லை. பெரும்பாலான வண்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெடல் அச்சு பொருந்தும் குழலின் அடியில் அதைக் காணலாம். சிலவற்றில் ஆசனத்தின் கீழுள்ள குழாயில் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் அழுக்கு நீங்கி எண் தெரியும். அரத்தால் சுரண்டுவது கூடாது. எண்ணும் சேர்ந்து அழிந்துவிடும்.

ஆகவே, வாசக நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக் கொட்டிலில் பழைய பந்தய வண்டி ஏதும் கிடந்தால், பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுக்கும் முன்னர் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அதன் எண்ணை யாரேனும் ஒருவர் எங்கோ எழுதி வைத்திருக்கக்கூடும்.

"கிடைத்தால் ஓட்டுவீர்களா, ஐயா?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "முழங்கால் இடம் தராது. மகளுக்குக் காட்ட வேண்டும். அன்று அவள் அழுதுகொண்டே பார்த்த வண்டி அது."

அன்று வீடு திரும்பியதும் நாம் செய்த முதல் வேலை, மகனின் வண்டியைக் கவிழ்த்து அதன் எண்ணைக் கொப்பியில் குறித்துக்கொண்டதே.