பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியல் பிள்ளையுடையதா, பெற்றோருடையதா?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "சிஎஸ் கிடைச்சா போதும், எந்த காலேஜா இருந்தாலும் பரவாயில்ல" என்பார் சித்தப்பா. "காலேஜ் பேருதான் முக்கியம், கோர்ஸ் எதுவா இருந்தா என்ன?" என்பார் எதிர்வீட்டுக்காரர். படிக்கப்போகிற பிள்ளை மட்டும் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பேச்செல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம், டிஎன்இஏ எனப்படும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வின் விருப்பப் பட்டியல். சாய்ஸ் ஃபில்லிங் என்று சொல்வார்களே, அதேதான். அடுத்த 4 வருடத்தை முடிவு செய்யும் இந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

கட்-ஆஃப் கணக்கு என்ன?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு மாநில நுழைவுத்தேர்வு 2007-08 கல்வியாண்டு முதல் கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்தான் எல்லாம். கணிதம் 100-க்கு அப்படியே எடுக்கப்படும். இயற்பியலும் வேதியியலும் தலா 50-ஆகக் குறைக்கப்பட்டு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த மாணவிக்கு 92 + 42 + 44 = 178.

ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். ரேண்டம் எண் கடைசியில்தான் வரும். "ரேண்டம் நம்பர் சரியில்ல" என்று பிள்ளையைவிட அம்மாக்கள் அதிகம் கவலைப்படுவதற்கு அவசியமே இல்லை.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லை என்றால், முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவைப்பது கட்டணச் சலுகைக்கு உதவும்.

பட்டியலில் எதை முதலில் போடுவது?

பெரும்பாலான வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான்.

2017 வரை பெட்டி படுக்கையோடு சென்னை வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரை முன்னால் உட்கார்ந்து, எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்தே தேர்வு செய்தார்கள். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். காலியிடத்தைப் பார்த்துக்கொண்டே தேர்வு செய்ய முடியாது. பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஆனால் வீட்டில் ஆலோசனை சொல்லும் அண்ணன், மாமாக்களில் பலர் இன்னும் பழைய முறையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். "நமக்குக் கிடைக்கிற காலேஜை முதல்ல போடு, ஆசைப்பட்டு வீணாக்காதே" என்பது அப்படி வரும் அறிவுரை.

உண்மையில் கணினி செய்வது இதுதான்: தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். அவரது முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று கீழே இறங்கும். எனவே கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் இரண்டாவதில் இருக்கும் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆனால் 'உறுதியாகக் கிடைக்கும்' கல்லூரியை முதலில் போட்டால், அது கிடைத்ததும் கணினி நின்றுவிடும். கீழே இருக்கும் ஆசைகளை யாரும் பார்க்கப்போவதில்லை.

இடத்தை ஏற்றுக்கொண்டு 'அப்வேர்டு' கொடுத்தாலும், பட்டியலில் அதற்கு மேலே இருப்பவைதான் மறுபடி பரிசீலிக்கப்படும். பிடித்ததை மேலே போடுங்கள், அவ்வளவுதான். விருப்பங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதால் 10 கல்லூரியோடு நிறுத்திக்கொள்ளவும் தேவையில்லை.

யாருடைய விருப்பம்?

பிள்ளை ஒரு தாளிலும் பெற்றோர் ஒரு தாளிலும் தனித்தனியாக 15 விருப்பங்களை எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சண்டை வரும்தான். பரவாயில்லை, அது கல்லூரியில் சேர்ந்தபிறகு வருவதைவிட இப்போது வரலாம். "ஏன் மெக்கானிக்கல்?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்கிறது என்று குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். "ஃப்ரெண்டு எடுக்கிறான்" என்பது மட்டும்தான் பதில் என்றால், அந்தத் துறையின் பாடத்திட்டத்தை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறது.

அதைப் பார்த்தால் பெற்றோருக்கும் ஒரு விஷயம் புரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ என்று பெயர் மாறினாலும் பல தாள்கள் பொதுவானவை. ஏஐ என்ற பெயருக்காக மட்டும் நல்ல கல்லூரியின் ஐடி இடத்தை விடுவது புத்திசாலித்தனம் இல்லை. கணிதம் என்றாலே ஓடும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் சுலபமும் இல்லை.

பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டியவை வேறு: விடுதி, பஸ் கட்டணம், கல்லூரியின் தேர்ச்சி விகிதம், முந்தைய ஆண்டில் உங்கள் பிரிவில் இடம் எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற விவரம். கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் கவுன்சிலிங் குறியீட்டு எண்ணைச் சரிபார்ப்பது முக்கியம்.

அட்வான்ஸ் கட்டலாமா?

கலந்தாய்வுக்கு முன்பே பயத்தில் தனியார் கல்லூரியில் பணம் கட்டுபவர்கள் உண்டு. கட்டுவதற்கு முன் கட்-ஆஃபை ஒருமுறை பாருங்கள். கலந்தாய்விலேயே அதே இடம் கிடைக்கலாம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் கடைக்காரரின் செல்போன் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். அந்தத் தகவல் வரும் போனும் பாஸ்வேர்டும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.