முப்பது நாளில் எதைப் பார்ப்பது?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் எங்களுக்குப் பைத்தன் மொழி பாடத்திட்டத்திலேயே உள்ளது. அதற்கு மென்பொருள் வாங்க வேண்டுமா என்று வாப்பா கேட்டார். தேவையில்லை. பைத்தனும் அதனுடன் வரும் ஐடிலும் எப்போதும் இலவசம்.

பிறகேன் பரீட்சார்த்தப் பதிப்பு? விலைகொடுத்து வாங்கும் வசதிகளைச் சில நாட்கள் பாவித்துப் பார்க்கத்தான். பைசார்மின் உயர்நிலை வசதிகள் ஒரு மாதம் இலவசம். அதன்பின் அடிப்படை வசதிகள் மட்டும் தொடரும். நிரல் எழுதும் இடத்திலேயே தரவுத்தளத்தையும் திறந்து பார்ப்பது அந்த உயர்நிலை வசதிகளுள் ஒன்று.

கணினியை மூடி வைத்தாலும் நாட்கள் ஓடும். ஆகவே யாழ்ப்பாணத்தில் தவணை விடுமுறை தொடங்கிய அன்றுதான் நான் அதை நிறுவினேன். காலம் முடிந்தால் எழுதியவை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். பைத்தன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலும் திறக்கும்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடனட்டை இலக்கம் கேட்கும் பதிப்புகளில், உரிய நாளுக்குள் இரத்துச் செய்யாவிட்டால் பணம் தானாகக் கழியலாம். அதற்குப் பயந்து 'கிராக்' செய்த பிரதியை நாடுவது இன்னும் மோசம்: அது அடுத்தவர் உழைப்பைத் திருடுவது, வீட்டில் எல்லோரும் பாவிக்கும் கணினிக்குள் வைரசையும் கொண்டுவரலாம். (வின்ரார் மட்டும் நாற்பது நாள் என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும்!)

பைசார்ம் பாதிச் சொல்லைத் தட்டியதுமே மீதியைத் தானே நிரப்பித் தருகிறது. சுகம்தான். ஆனால் பரீட்சையில் நிரலைத் தாளில் எழுதவேண்டும். அதனால் மாதம் முடிந்ததும் நான் ஐடிலுக்கே திரும்பிவிட்டேன்.